பேனாவைத் திறப்பதற்கு முன் அப்பா சொன்னது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில், ஒரு புங்க மரத்தை ஒட்டிய கொட்டகையில் பத்திரம் எழுதுவது என் தொழில். என் தந்தையாரும் இதே மேசையில்தான் எழுதினார். மேசை அவருடையது, மேலே இருக்கும் கணினி மட்டும் என்னுடையது. நோட்டீஸ் வந்த பிறகோ, நிலம் சிக்கலான பிறகோ, கொடுத்த பணம் திரும்பாது என்று தெரிந்த பிறகோ எதிரே வந்து அமர்கிறவர்களில் பலர் எடுத்த எடுப்பில் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: “எங்கப்பா அப்பவே சொன்னாரு, நான்தான் காதுல வாங்கிக்கல.” அதைத் தொடர்ந்து அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பணம், கடன், பத்திரம் ஆகிய மூன்றைப் பற்றித் தந்தையர் சொல்லிப் போனவை மட்டுமே இதில் உண்டு. சட்டம் குறுக்கிடும் இடங்களில் பொது நிலையைச் சொல்லியிருக்கிறேன். உங்கள் தனி வழக்குக்கு வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

தந்தையர் சொன்னவற்றுள் அதிகம் பேர் மறக்காமல் வைத்திருப்பது எது?

“யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதே” என்பதைத்தான். எழுதப் படிக்கத் தெரியாத தந்தை முதல் தலைமையாசிரியராக இருந்த தந்தை வரை ஏறத்தாழ ஒரே சொற்களில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களில் பெரும்பாலோர் ஒருமுறையாவது போட்டு நொந்தவர்கள் என்பது நான் விசாரித்துத் தெரிந்துகொண்டது.

என் தந்தையும் அதற்கு விலக்கில்லை. 1983இல் அவருடைய பெரியம்மா மகன், எனக்குப் பெரியப்பா முறை, பம்ப்செட் வாங்கக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டபோது, பத்திரம் எழுதுகிறவர் கையெழுத்து என்றால் மதிப்பு அதிகம் என்று சொல்லி இவரை அழைத்துப் போனார்கள். அடுத்தடுத்து இரண்டு போகம் பொய்த்தது. பெரியப்பா குடும்பத்தோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போனார். நோட்டீஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது. என் தாயாரின் இரட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போய் மூழ்கியது. அந்தச் சங்கிலியைப் பற்றி அம்மா பிறகு ஒரு நாளும் பேசியதில்லை. கல்யாண வீடுகளுக்குக் கிளம்பும்போது மட்டும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொள்வார். அப்பா அதைப் பார்க்காதவர் போலத் திண்ணையில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருப்பார்.

சட்டத்தைப் பார்த்தால், அவருக்கு நடந்தது விபத்தல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரையில், ஜாமீன்தாரரின் பொறுப்பு அசல் கடன்தாரரின் பொறுப்புக்குச் சமமானது. வாங்கியவரைத் துரத்திப் பிடித்து, அவரிடம் ஒன்றும் பெயராது என்று உறுதியான பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை; உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்திருக்கிறது. “நான் சாட்சிக்குத்தானே கையெழுத்துப் போட்டேன்” என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு இதை விளக்குவதுதான் என் தொழிலில் எனக்குப் பிடிக்காத வேலை.

அப்படியானால் உடன்பிறந்தவருக்குக்கூட ஜாமீன் போடக் கூடாதா?

போடவே கூடாது என்று பதினைந்து ஆண்டுகள் சொல்லி வந்த என் தந்தையே, பிறகு என் அத்தை மகனின் படிப்புக்காகக் கையெழுத்துப் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன கணக்கு இது: “அந்தத் தொகைய இன்னைக்கே தூக்கிக் குடுத்துட்டதா நெனச்சுக்க. ராத்திரி தூக்கம் வந்தா போடு, வரலைன்னா போடாத.” ஜாமீனைத் தம் சொந்தக் கடனாகவே எழுதிக்கொள்ளும் இந்தப் பார்வை, மேலே சொன்ன 128ஆம் பிரிவோடு எள்ளளவும் முரண்படவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் கவனித்தேன்.

தூக்கம் வராது என்று தெரிந்தால், மறுக்கும் வழியையும் அவர் வைத்திருந்தார். கேட்டு வந்தவருக்குத் தம்மால் இழக்க முடிந்த சிறு தொகையைக் கையில் கொடுத்து, “இதைத் திருப்பித் தர வேணாம், கையெழுத்து மட்டும் கேக்காதீங்க” என்பார். இதனால் மனத்தாங்கல் வந்த வீடுகளும் உண்டு. ஆனால் ஜாமீன் போட்டுப் பகையான வீடுகளோடு ஒப்பிட்டால் அவை சொற்பம்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு இரண்டு செய்திகள். கடன்தாரர் தவணை தவறினால் உங்கள் கடன் வரலாற்றிலும் அது ஏறும் என்பதால், தவணை கட்டப்படுகிறதா என்று அவ்வப்போது கேட்டுத் தெரிந்துகொள்வது நாகரிகக் குறைவு ஆகாது. அவருக்காக நீங்கள் பணம் கட்ட நேர்ந்தால், அதை அவரிடமிருந்து வசூலிக்கும் உரிமையும், அவர் கொடுத்திருந்த அடமானத்தின் மேல் கடன் கொடுத்தவருக்கு இருந்த உரிமையும் அதே ஒப்பந்தச் சட்டப்படி உங்களுக்கு வந்து சேரும். ஆகவே கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் உங்கள் பெயரிலேயே ரசீது வாங்குங்கள்.

“வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே” என்று எல்லாத் தந்தையரும் சொன்னார்கள். நடைமுறையில் எல்லா இடத்திலும் கேட்கிறார்களே?

கேட்கிறார்கள் என்பது உண்மை. கைமாற்றுக்குப் போகிறவரிடம் தொகை நிரப்பாத காசோலையும், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட்ட நிரப்பாத புரோநோட்டும் (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் உறுதிச் சீட்டு) வாங்கி வைத்துக்கொள்வது பல ஊர்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. வாங்குகிறவர் “சும்மா ஒரு பிடிமானத்துக்கு” என்பார். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20ஆம் பிரிவைப் படித்தால் அது எவ்வளவு பெரிய பிடிமானம் என்று தெரியும்: முத்திரையிட்ட தாளில் கையெழுத்திட்டு நிரப்பாமல் கொடுக்கிறவர், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்ததாக முதல் நோக்கில் கொள்ளப்படும். காசோலையிலும் இதே கதைதான். தானாக முன்வந்து கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையில் மற்ற விவரங்களை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்ற அனுமானம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. அந்த அனுமானத்தை உடைக்கும் பாரம் கையெழுத்துப் போட்டவர் தலையில் விழுகிறது. காசோலை பணமின்றித் திரும்பிய வழக்கில் 2 ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அதே சட்டத்தின் 138ஆம் பிரிவில் இடம் உண்டு.

என் தந்தை வெள்ளை இடத்தைக் கண்டால் பாம்பைக் கண்டவர் போல நடந்துகொள்வார். பத்திரத்தின் கடைசி வரி பக்கத்தின் பாதியில் முடிந்தால், எஞ்சிய இடத்தின் குறுக்கே மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை ஒரே இழுப்பில் கோடு போடுவார். தொகை எழுதும்போது ‘ரூ.’ என்ற எழுத்துக்கும் முதல் இலக்கத்துக்கும் நடுவே ஒரு மயிரிழை இடம் விடமாட்டார். இலக்கத்தின் வாலில் ‘/-’ போட்டு, அதை எழுத்தாலும் எழுதி, ‘மட்டும்’ என்று முடித்த பிறகுதான் மூச்சு விடுவார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் “அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை” என்றோ, இருந்தால் எத்தனை என்றோ குறிப்பார். எனக்கு எட்டு வயதில் நூலகப் படிவம் ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லி அவரிடம் நீட்டினேன். முகவரி எழுதும் இடத்தை நான் நிரப்பவில்லை. பேனாவின் மூடியைத் திரும்ப மாட்டி என் கையில் கொடுத்துவிட்டு, “கையெழுத்துப் போடுற வரைக்கும் பேனா உன் கையில. போட்ட பிறகு நீ அந்தத் தாளோட கையில” என்றார். முகவரியை எழுதிக்கொண்டு போன பிறகே கையெழுத்து கிடைத்தது.

வங்கியில் இருபது பக்கம் அச்சிட்ட படிவம் கொடுக்கிறார்கள். “படிக்காமல் கையெழுத்துப் போடாதே” என்பது இன்று சாத்தியமா?

முழுவதும் சாத்தியமில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். தொகை, வட்டி விகிதம், அது மாறும் விகிதமா மாறாத விகிதமா, முன்கூட்டியே அடைத்தால் என்ன கட்டணம், எதை ஈடாகக் கொடுக்கிறீர்கள் ஆகியவற்றை மட்டுமாவது விரல் வைத்துப் படியுங்கள். நிரப்பாத இடங்களை நிரப்பச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு நகல் கேளுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்ற கூச்சம்தான் பலரைக் கவிழ்த்திருக்கிறது.

“மூன்று வருஷத்துக்குள் நோட்டை மாற்று” என்று அப்பா அடிக்கடி சொல்வார். அதற்கு என்ன பொருள்?

உங்கள் தந்தை நாலு பேருக்குக் கைமாற்று கொடுத்தவராக இருந்திருக்க வேண்டும். கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டின் பேரில் வழக்குத் தொடர, எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் காலவரம்பு. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அப்படி வகுத்திருக்கிறது. அந்த மூன்று ஆண்டு முடிவதற்குள் கடன்தாரர் ஒரு பகுதியைக் கட்டி, அதைத் தம் கையாலேயே வரவு எழுதினாலோ, எழுதியதன் அடியில் கையெழுத்துப் போட்டாலோ, அல்லது கடனை ஒப்புக்கொண்டு எழுத்துமூலம் கையெழுத்திட்டாலோ, அந்த நாளிலிருந்து காலம் புதிதாக ஓடத் தொடங்கும். புது நோட்டாக எழுதி வாங்குவதைத்தான் ‘மாற்றுவது’ என்கிறோம்.

நோட்டின் பின்புறத்தில் கொடுத்தவரே “இன்று ரூ. 500 வரவு” என்று தம் கையெழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அதுவே போதும் என்று நம்பி மோசம் போனவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். வரவைக் கட்டியவர் தாமே எழுதாவிட்டால், அவர் கையெழுத்தாவது அதன் கீழ் இருக்க வேண்டும்.

சொந்தத் தம்பிக்குப் பணம் கொடுத்துவிட்டு எழுதி வாங்குவது அவமரியாதை இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை, கேட்கும்போது குரலைத் தாழ்த்தாதவரும் இல்லை. தந்தையர் இதில் இரு கட்சியாகப் பிரிந்து நின்றிருக்கிறார்கள். “கொடுத்தால் எழுதி வாங்கு, எழுதி வாங்க மனமில்லாவிட்டால் கொடுக்காதே” என்பது ஒரு கட்சி. “உடன்பிறந்தானுக்குக் கொடுக்கிறதைக் கணக்கில் எழுதாதே, திரும்பி வந்தால் லாபம்” என்பது மற்றொன்று. இரண்டும் நல்ல அறிவுரைகளே. இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்து, எழுதாமல் கொடுத்துவிட்டு மனத்துக்குள் மட்டும் எழுதி வைத்துக்கொள்வதில்தான் சகோதரர்கள் கோயில் திருவிழாவில்கூடப் பேசாமல் போகிறார்கள்.

இன்றைக்கு இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. வங்கிக் கணக்கு வழியாக அனுப்பி, “அண்ணன் கொடுத்த கைமாற்று, அடுத்த தை மாதம் தருகிறேன்” என்று தம்பி ஒரு செய்தி அனுப்பினால், யார் மனமும் கோணாமல் ஒரு தடயம் இருந்துவிடும். புரோநோட்டுக்கு உள்ள வலு அதற்குக் கிடையாது. ஆனால் “நீ எனக்குக் கொடுக்கவே இல்லையே” என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லாமல் போகும்.

அதிக வட்டி தருகிறோம் என்பவர்களிடம் போகாதே என்று அப்பா சொன்னது எதனால்?

உங்கள் தந்தை 1990களைப் பார்த்தவர் என்பதால். தெருவுக்கு ஒரு நிதி நிறுவனம் முளைத்து, ஆண்டுக்கு 24, 36 சதவீத வட்டி என்று பலகை மாட்டி, ஓய்வூதியப் பணத்தையும் பெண்ணின் கல்யாணப் பணத்தையும் வாங்கிக்கொண்டு ஒரு காலையில் பூட்டிப் போன காலம் அது. அந்தச் சேதத்தின் விளைவாகவே தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997இல் வந்தது. சட்டம் வந்த பிறகும் ஈமு கோழி என்றும் வேறு பெயர்களிலும் அதே வலை திரும்பத் திரும்ப விரிக்கப்பட்டது. அப்பா சொன்னதைக் கேட்டவர்கள் தப்பினார்கள்.

வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியுமாக 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு; 2020 பிப்ரவரிக்கு முன் அது ஒரு லட்சமாக இருந்தது. ஏலச் சீட்டில் சேர்வதானால், 1982ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டப்படி அந்தச் சீட்டு பதிவானதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது பதிவுத்துறைதான். தீபாவளிச் சீட்டு, பலகாரச் சீட்டு என்று தெருவில் பிடிப்பவை பெரும்பாலும் முகத்தை நம்பி நடப்பவை. போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய தொகைக்கு மேல் அங்கே போகாதீர்கள்.

மனை வாங்கும்போது அப்பா நான்கைந்து முறை அந்த ஊருக்குப் போய் வந்தார். பத்திரங்களைப் பார்த்தால் போதாதா?

போதாது. என் தந்தை வாடிக்கையாளர்களிடம் சொல்வார்: “வில்லங்கச் சான்று பதிவானதைத்தான் சொல்லும். தெரு டீக்கடை பதிவாகாததையும் சொல்லும்.” இது நகைச்சுவைக்காகச் சொன்னதன்று. பதிவாகாத உயில், வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினை, நீதிமன்றத்தில் கிடக்கும் வழக்கு ஆகிய மூன்றும் வில்லங்கச் சான்றில் தென்படாமல் இருக்கலாம். உயிலைப் பதிவுசெய்வது கட்டாயமே இல்லை. வழக்கு நிலுவையில் இருக்கும் சொத்தை வாங்கினால், வழக்கின் முடிவு வாங்கியவரையும் கட்டுப்படுத்தும் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. பட்டா இருக்கிறதே என்பவர்களுக்கு: பட்டா வருவாய்த்துறையின் வரிப் பதிவேடு சார்ந்தது, அது மட்டுமே உரிமை மூலம் ஆகாது. பதிவாகிவிட்டதே என்பவர்களுக்கு: பதிவு அலுவலகம் ஆவணத்தைப் பதிவுசெய்கிறது; விற்றவருக்கு உரிமை உண்டு என்று உங்களுக்கு உத்தரவாதம் கொடுப்பதில்லை.

ஆகவே மூலப் பத்திரத்திலிருந்து இன்றைய கிரயப் பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பத்திரத்தில் எழுதிய நான்கு எல்லைகளும் மண்ணில் இருக்கின்றனவா என்று நடந்து பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்றும் அப்பா சேர்த்துக்கொள்வார். கோடையில் மனையாகத் தெரிவது ஐப்பசியில் வாய்க்காலாகத் தெரிந்த கதைகள் எங்கள் பக்கத்தில் ஏராளம். உங்கள் தந்தை நான்கைந்து முறை போனது இதற்காகத்தான் இருக்கும்.

அப்பா சொன்னது தவறாகவும் இருக்கலாமா?

தாராளமாக. “தந்தை சொல் மிக்க மந்திரம் இல்லை” என்று ஔவையின் கொன்றை வேந்தன் சொன்னாலும், மந்திரத்துக்கும் காலாவதி உண்டு என்பதை என் மேசை எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

மிகப் பெரிய சேதம் விளைவித்த தந்தைச் சொல் என்று கேட்டால், “பொண்ணுக்குச் சீர் செஞ்சாச்சு, சொத்துல அவளுக்குப் பங்கு கிடையாது” என்பதைத்தான் சொல்வேன். தந்தை தாமே சம்பாதித்த சுயார்ஜிதச் சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், 1956இலிருந்தே இந்து மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்திலோ, தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் அப்போது திருமணமாகாதிருந்த மகள்களுக்கும், நாடு முழுவதற்குமான இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்தால் 2005 செப்டம்பர் 9 முதல் திருமணமான மகள்களுக்கும் பிறப்பாலேயே உரிமை வந்துவிட்டது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இது தெரியாமல், அப்பாவே சொல்லிவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக அக்காவை விட்டுவிட்டு அண்ணன் தம்பிகள் மட்டும் பாகப்பிரிவினை எழுத வருகிறார்கள். நான் எழுத மறுத்ததால் அடுத்த மேசைக்குப் போனவர்களும் உண்டு. அக்கா மனமுவந்து விட்டுக்கொடுப்பதானால் அதற்கு விடுதலைப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. அவரை நேரில் அழைத்து வந்து, அதில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டி வாங்குங்கள்.

சிறிய அளவில் காலாவதியானவையும் உண்டு. “பணத்தை ரொக்கமாக எண்ணிக் கொடு, வங்கியை நம்பாதே” என்பது அவற்றில் ஒன்று. பொதுவாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் இன்று தடுக்கிறது. “எதற்குமே கடன் வாங்காதே” என்பதையும் அப்படியே பின்பற்ற முடியாது. அதன் உள்ளிருக்கும் சரக்கு வேறு: வருவாய் சிறிதாக இருப்பதால் கேடில்லை, செலவின் வாய் அதைவிட அகலாமல் இருந்தால் போதும் என்று 478ஆம் குறள் சொல்லும் கணக்குதான் அது. தவணை கட்டியது போக வீடு நடக்குமா என்று பார்த்து வாங்கும் கடனை எந்தத் தந்தையும் குறை சொல்லமாட்டார்.

என் அப்பா அறிவுரையே சொன்னதில்லை. அவரிடமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை என்று கொள்வதா?

வாய் திறக்காமல் சொன்ன தந்தையரும் உண்டு. காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் எழுதியிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் பட்ட ஏறத்தாழ 25 ரூபாய்க் கடனை அடைப்பதற்காக, அந்த அண்ணனின் தங்கக் காப்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டி எடுத்தபோது அவருக்கு வயது 15. மனம் உறுத்தவே, குற்றத்தை ஒரு தாளில் எழுதி, தண்டனையும் கேட்டு, நோயில் படுத்திருந்த தந்தையிடம் நீட்டினார். தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாள் நனைந்தது. கண்ணை மூடி ஒரு கணம் யோசித்தார். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். கடனும் களவும் ஒப்புதலும் எல்லாம் இருந்த அந்த இடத்தில் ஓர் அறிவுரைகூடச் சொல்லப்படவில்லை.

நம் வீடுகளில் இவ்வளவு பெரிய காட்சி நடந்திருக்க வேண்டியதில்லை. சம்பளம் வாங்கிய அன்று மாலையில் மளிகைக் கடைப் பாக்கியை அடைத்த பிறகே வீட்டுக்கு வந்த தந்தை, மின் கட்டண ரசீதுகளைக் கம்பியில் வரிசையாகக் குத்தி வைத்த தந்தை, கடன் கேட்க வந்தவரைப் பிள்ளைகள் எதிரில் கேட்கவிடாமல் வாசலுக்கு அழைத்துப் போய்ப் பேசிய தந்தை ஆகியோரின் பிள்ளைகளிடம் அந்தப் பழக்கம் அப்படியே இருப்பதை அவர்கள் பத்திரக் கட்டைப் பிரிக்கும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

என் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொன்னால் காதில் வாங்குவதில்லை. எப்படிச் சொல்வது?

கதையை மறைத்துவிட்டுக் கட்டளையை மட்டும் சொல்வதுதான் தந்தையர் செய்த பெரிய பிழை என்று நினைக்கிறேன். “ஜாமீன் போடாதே” என்று என் தந்தை நூறு முறை சொல்லியிருப்பார். அது எனக்கு வசவாகவே கேட்டது. சங்கிலி மூழ்கிய கதையை அவர் வாயால் கேட்டது எனக்கு 31 வயதில், நானே ஒரு நண்பனுக்காகக் கையெழுத்துப் போடக் கிளம்பிய காலையில்தான். தொகை எவ்வளவு, யாருக்கு, நோட்டீஸ் வந்த அன்று வீட்டில் என்ன சமையல் என்பது வரை சொன்னார். அன்றைக்கு நான் போகவில்லை.

பிள்ளைகளிடம் தம் ஏமாளித்தனத்தைச் சொல்லத் தந்தையருக்கு வெட்கம். அந்த வெட்கத்தை விழுங்கிவிட்டு, எந்த ஆண்டு, எவ்வளவு, யாரை நம்பி என்று உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள். “அதனால் நீ” என்று தொடங்கும் இரண்டாவது பாதியைச் சொல்லாமல் விட்டாலும் குறைவில்லை. உங்கள் தந்தை உயிரோடு இருந்தால், அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு வாக்கியத்தை எடுத்து, “இது எப்ப நடந்துச்சுப்பா?” என்று கேட்டுப் பாருங்கள்.

அப்பா பட்ட கடனைப் பிள்ளைகள் அடைத்தே ஆக வேண்டுமா?

தந்தையிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான் சட்டம் உங்களைக் கேட்கும். சொத்து எதுவும் வராத பிள்ளை தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. தந்தையின் கடனை அடைப்பது மகனின் புனிதக் கடமை என்ற பழைய இந்துச் சட்டக் கொள்கையை வைத்துக் கடன் கொடுத்தவர் வழக்காட முடியாது என்று 2005 திருத்தம் சொல்லிவிட்டது. அந்தத் திருத்தம் வருவதற்கு முன் பட்ட கடன்களுக்கு மட்டும் பழைய நிலை தொடர்கிறது. நீங்களே இணைந்து கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு.

சட்டம் இப்படி இருக்க, கட்ட வேண்டியதில்லை என்று தெரிந்தும் கட்டுகிறவர்கள்தான் என் மேசைக்கு அதிகம் வருகிறார்கள். கட்டுவதானால், நோட்டைத் திரும்ப வாங்கி, குறுக்கே “முழுதும் பைசல்” என்று கொடுத்தவர் கையாலேயே எழுதச் சொல்லி, அவர் கையெழுத்தோடு பெற்றுக்கொள்ளுங்கள்.

அப்பா விட்டுச் சென்ற பழைய நோட்டுப் புத்தகங்கள், ரசீதுகள், பத்திரக் கட்டு ஆகியவற்றை என்ன செய்வது?

காரியம் முடிந்த கையோடு வீட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று எதையும் கொளுத்தாதீர்கள். மூலப் பத்திரங்களும் வரி ரசீதுகளும் ஒரு தலைமுறை கழித்து விற்கும்போது கேட்கப்படும். தொலைந்த பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்க வேண்டுமானால் அதன் ஆவண எண்ணும் ஆண்டும் தேவைப்படும், அவை பெரும்பாலும் இப்படிப்பட்ட நோட்டில்தான் கிறுக்கப்பட்டிருக்கும். யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற பக்கங்களில் தேதியைப் பாருங்கள். மூன்று ஆண்டுக்குள் இருந்து, எதிர்த்தரப்பின் கையெழுத்தும் இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டலாம். மற்றவை உங்களுக்கு ஊரைப் பற்றி ஏதாவது சொல்லும், அவ்வளவே.

என் தந்தையின் நோட்டில் 1983ஆம் ஆண்டுப் பக்கத்தில் பெரியப்பாவின் பெயரும் ஒரு தொகையும் இருந்தன. தொகையின் மேல் கோடு கிழித்து, பக்கத்தில் தேதி போட்டிருந்தார். பெரியப்பா ஒரு ரூபாயும் திருப்பித் தரவில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தேதியை அம்மாவிடம் காட்டினேன். பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு இருவரும் திருப்பூர் போய் வந்த நாள் அது என்றார். கோட்டின் பக்கத்தில், எல்லாப் பத்திரங்களிலும் போடுவதைப் போலவே, அப்பா தம் சுருக்கொப்பத்தையும் இட்டிருந்தார்.